கடை, சடை, தடை

பழைய கார் ஒன்றின் முன்கதவு ஸ்பீக்கர்களை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், கார் உதிரிபாகக் கடைக்காரர் முக்கால் மணி நேரம் என்பார். ஹைதராபாத்தில் பேச்சொலியியலில் ஆய்வு செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்திக்கு அதற்கு ஏழு வாரம் ஆயிற்று. அதில் முதல் மூன்று வாரம் படிப்பதிலேயே கழிந்தது. ஒரு திருகுகூடக் கழற்றப்படவில்லை. முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு இது வியப்பளிக்காது. எழுதி முடிக்கவேண்டிய நான்காம் இயல் மேசைமேல் கிடக்கும்போது, உலகில் வேறு எதைப் பற்றியும் ஆழமாகப் படிக்க மனம் ஆயத்தமாகவே இருக்கும்.

ஆனால் வேலையைத் தள்ளிப்போட மட்டும் அவள் இதில் இறங்கவில்லை. காரணம் அவளுடைய தந்தை.

அவர் திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடும் ரயிலின் அஞ்சல் பெட்டியில் இரவெல்லாம் நின்றபடி, கைக்கு வரும் கடிதத்தின் முகவரியை ஒரு பார்வை பார்த்து, எதிரிலுள்ள சிற்றறைகளில் ஊர்வாரியாகச் செருகிக்கொண்டே போகும் வேலை அது. முப்பது ஆண்டு அந்த இரும்புச் சத்தத்துக்கு நடுவே நின்றிருக்கிறார். தொடர்ந்த பேரிரைச்சல் செவியைத் தாக்கும்போது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அளவில்தான் முதற்குழி விழும். முதுமையோ உயர்ந்த அதிர்வெண்களிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும். இரண்டும் சேர்ந்து பறித்துக்கொண்டு போவது மெய்யெழுத்துகளை. மனைவி இறந்து இரண்டாண்டு ஊரில் தனியாக இருந்துவிட்டு, இந்தத் தை மாதம் மகளோடு வந்து தங்கியபோது அவருக்கு வயது 74.

“கத்தாதேம்மா, காது கேக்குது. நீ என்ன சொல்றேன்னுதான் தெரியல” என்பார். முதியவர்களின் காது பற்றி இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே திரண்டிருக்கிறது. குரலின் இனிமை, கோபம், சலிப்பு, ஆள் அடையாளம் எல்லாம் அங்கேதான். அதனால் யாரோ பேசுகிறார்கள், இன்னார் பேசுகிறார், உரக்கப் பேசுகிறார் என்பது வரை தெரிந்துவிடும். ஆனால் சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் நுண்குறிப்புகள் அதற்கு மேலே இருக்கின்றன. உதடு திறக்கும் சிறு வெடிப்பு, நாக்கின் உரசல், மெய்யிலிருந்து உயிருக்கு மாறும் அந்தக் கணநேரச் சரிவு ஆகியவையெல்லாம் 1500 முதல் 6000, 7000 வரை சிதறிக் கிடக்கின்றன. ஒலியளவைக் கூட்டினால் கீழே இருப்பது இன்னும் பெருக்கும். மேலே இருப்பது அதன் அடியில் புதைந்துபோகும். தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மறைக்குமே தவிர, உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவாக மறைப்பதில்லை என்பது செவியின் ஓரவஞ்சனைகளில் ஒன்று.

எம்.ஏ. படிக்கும்போது அவள் தன் முதல் களப்பதிவைத் தாயாரை வைத்தே செய்திருந்தாள். ஏழு சொற்கள்: கடை, சடை, தடை, நடை, படை, மடை, வடை. ஒவ்வொன்றும் மூன்று முறை, வரிசை கலைத்து. முதல் மெய்யைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கும் சொற்களை வைத்துத்தான் இத்தகைய ஆய்வு நடக்கும். பன்னிரண்டாண்டுப் பழைய அந்தப் பதிவு இப்போது நான்காம் இயலில் ஓர் அடிக்குறிப்பாக வருகிறது. அதனால் கைப்பேசியில் இருந்தது. ஒருநாள் மாலை காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கைப்பேசி தானாகக் காரின் ஸ்டீரியோவோடு இணைந்து அதையே பாடத் தொடங்கிவிட்டது.

தந்தை திரும்பிப் பார்த்தார். “உங்க அம்மாவா?”

“ஆமாப்பா.”

கொஞ்ச நேரம் கேட்டார். “எதுக்கு அடை, அடைன்னு சொல்லிட்டிருக்கா?”

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அடுத்த சந்திப்பு வரை ஓட்டினாள். பிறகு ஓரமாக நிறுத்தவேண்டியிருந்தது.

செவித்துணைக் கருவிதான் சரியான விடை என்பது அவளுக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். மூன்றாண்டுக்கு முன் திருச்சியில் எடுத்த ஆடியோகிராம் வீட்டுக் கோப்பில் இருந்தது: 500 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய இயல்பான செவி, அங்கிருந்து கோடு கிணற்றுப் படிபோல இறங்கி 4000த்தில் 65 டெசிபெலைத் தொடுகிறது. கருவி என்ற பேச்சை எடுத்தாலே, “அதை மாட்டிக்கிட்டா நெத்தியில கெழவன்னு எழுதி ஒட்டின மாதிரி” என்று எழுந்துபோய்விடுவார். பதினோராண்டுப் பழைய காரின் ஸ்பீக்கரை மாற்றுவது அவரை மாற்றுவதைவிட எளிது என்று அவள் எண்ணியதில் தவறில்லை. தவிர, அந்த ஸ்பீக்கர்கள் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தன. இடப்புறத்தில் கூம்பைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம் பொடிந்து உதிர்ந்திருந்தது. அம்மாவின் குரலோடு ஒரு வண்டின் ரீங்காரமும் வந்துகொண்டிருந்தது.

படிக்கத் தொடங்கினாள். இன்று நாம் ஸ்பீக்கர் என்று சொல்வது, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ரைஸும் கெல்லாகும் 1925இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கும் அதே பொருள்தான்: ஒரு காந்தம், அதன் இடுக்கில் அசையும் கம்பிச்சுருள், சுருளில் ஒட்டிய கூம்பு. கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்கத் தொடங்கியது 1930இல். நூறாண்டில் காந்தம் வலுத்திருக்கிறது, காகிதத்தின் இடத்தில் நெகிழியும் கண்ணாடியிழையும் வந்திருக்கின்றன, அடிப்படை மாறவில்லை. பிறகு தீலும் ஸ்மாலும் ஸ்பீக்கரையும் பெட்டியையும் ஒரே மின்சுற்றாகக் கண்டு எழுதிய கட்டுரைகள். அவற்றை அவள் படித்திருக்கவே வேண்டியதில்லை. கார்க் கதவின் கொள்ளளவை எவரும் அளந்து சொல்வதில்லை, அந்தச் சமன்பாடுகளில் இட எண்களும் இல்லை. ஆனாலும் படித்தாள், குறிப்பும் எடுத்தாள்.

பயன்பட்ட கணக்கு ஒன்றே ஒன்று. ஸ்பீக்கர் பெட்டிகளில் 300 வாட், 350 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சிறு ஆம்ப்ளிஃபயர் அதை முழுதாகப் பயன்படுத்தினாலும் கிடைக்கும் சராசரி மதிப்பு பத்து வோல்ட் சொச்சம். பத்தின் வர்க்கம் நூறு. ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓமால் வகுத்தால் 25 வாட். இழப்பு போக, சிதைவில்லாமல் வருவது இருபதுக்கும் குறைவே. ஸ்டீரியோவின் முகப்பில் 50 வாட் நான்கு என்று அச்சிட்டிருப்பது உச்சக் கணத்தின் எண். ஆகவே, தனி ஆம்ப்ளிஃபயர் வைக்காதவர் பெட்டியின் முன்பக்கத்து வாட்டைப் பார்ப்பதில் பொருளில்லை. பின்பக்கம் சிற்றெழுத்தில் இருக்கும் உணர்திறனைப் பார்க்கவேண்டும். ஒரு வாட்டுக்கு 88 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்கும் 91 தருவதற்கும் உள்ள வேறுபாடு, ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ள மூன்று வாரம் வேண்டியதில்லை.

ஸ்பீக்கருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அது வருவதற்குள் கம்பியும் கப்ளரும் வாங்கக் கோட்டியின் குஜராத்தி கல்லிக்குப் போனாள். ஹைதராபாத்தில் மின்னணுப் பொருளுக்கு இன்னும் அந்தச் சந்துதான். கடையிலிருந்த முதியவர் அவள் கொண்டுபோன பழைய ஸ்பீக்கரை வாங்கிக் கையில் புரட்டினார், ஓரத்தைத் தடவினார், கதவுக்குள் ஏதாவது வேலை செய்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றாள். “அப்ப ஸ்பீக்கர் நக்கோ பேட்டா” என்றார். கடைக்காரர் ஒருவர் பொருளை வாங்கவேண்டாம் என்று சொல்வது அரிது. அவர் தக்கனியில் விளக்கியதன் சாரம் இது: நீ ஸ்பீக்கர் வாங்கவில்லை, ஸ்பீக்கரின் பாதியைத்தான் வாங்குகிறாய். மறுபாதி கதவு. அது ஓட்டைப் பானையாக இருக்கிறது.

அவள் மூன்று வாரம் படித்த கட்டுரைகளிலும் அதேதான் எழுதியிருந்தது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னோக்கிக் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். ஒரு சாண் அகலமுள்ள ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி வருவது அதற்கு ஒரு தூரமே அன்று. ஆகவே முன்னையும் பின்னையும் பிரிக்க ஒரு சுவர் வேண்டும். காரில் அந்தச் சுவர் கதவின் உள்தகடு. கதவைத் திறந்து பார்க்காதவர்கள் அது முழுத்தகடு என்று நினைப்பார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியைப் பழுதுபார்க்கக் கை நுழையவேண்டும் என்பதற்காக அதில் சாப்பாட்டுத் தட்டளவு ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவற்றை மூடியிருப்பது ஒரு பாலித்தீன் தாள். அதுவும் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, ஒலிக்காக அன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விடுதிக்குப் பின்னுள்ள வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, முதன்முறையாக டோர் பேடைக் கழற்றினாள். கைப்பிடிக் குழியின் மூடிக்குள் ஒரு திருகு, கதவுத் தாழின் பின் ஒன்று, கீழே இரண்டு. பிறகு சுற்றிலும் கிளிப்புகள். நெகிழி நெம்புகோலைச் செருகி, கீழ் மூலையிலிருந்து தொடங்கி, ‘படக்’ என்று ஒவ்வொன்றாக விடுவிக்கவேண்டும். அந்தச் சத்தம் கிளிப் வெளிவரும் சத்தமா உடையும் சத்தமா என்பது முதல்முறை செய்பவருக்குத் தெரியாது. மூன்று உடைந்தன. இரண்டு உறைகள் உபரியாக வாங்கி வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையைத் தொடங்குவது, மை இல்லாத பேனாவோடு தேர்வுக்குப் போவது போல. உள்தகட்டின் விளிம்புகள் கத்திபோல இருக்கும்; கையுறை அணியாததால் சுண்டுவிரல் கிழிந்தது. கதவுக்குள்ளேயே மோதலை உணரும் கருவி இருக்கும் புதிய கார்களில் இப்படி அடைக்கும் வேலையைக் கேட்டறியாமல் செய்யக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்தப் பழைய வண்டியில் அந்தக் கவலை இல்லை.

தந்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் பெட்டி வேலைக்குப் பிறகு அவர் எந்தக் கருவியையும் தொட்டதில்லை. ஆனால் கழற்றிய திருகுகளைக் கேட்காமலேயே வாங்கி, நீளவாரியாகப் பிரித்து, ஒரு பழைய முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வைத்தார்.

வெளித்தகட்டைத் தட்டினால் ‘டங்’ என்றது. அதன்மேல் பியூட்டைல் ரப்பரில் அலுமினியத் தாள் ஒட்டிய டேம்பிங் ஷீட்டை வெட்டி ஒட்டி, சிறு உருளையால் அழுத்தித் தேய்க்கவேண்டும். விலை குறைவு என்று தார்க்கலவை ஷீட்டை வாங்குவோர் உண்டு. நம் ஊர் மே மாத வெயிலில் அது இளகி, வண்டியெல்லாம் ரோடு போடும் நாற்றம் அடிக்கும். தகடு முழுவதையும் மூடவேண்டியதும் இல்லை. அதிர்வு அதிகமுள்ள நடுப்பகுதியில் கால்பங்கு, மூன்றில் ஒரு பங்கு மூடினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும், மிச்சம் எடைதான். ஒட்டி முடித்துத் தட்டியபோது ‘தொப்’ என்றது. அந்த ஒரு சத்தத்தைக் கேட்டதுமே இந்த வேலையின் மேலிருந்த ஐயம் அவளுக்குப் போய்விட்டது. உள்தகட்டின் பெரிய ஓட்டைகளுக்கு மெல்லிய அலுமினியத் தகட்டை அளவெடுத்து வெட்டி, நாளை பழுதுபார்க்கக் கழற்ற வசதியாகத் திருகால் முடுக்கி, ஓரங்களை மட்டும் பியூட்டைலால் அடைத்தாள்.

ஆர்வத்தில் அடிவிளிம்பின் துளை ஒன்றையும் அடைத்துவிட்டாள். கதவு நீர்புகாத பெட்டி அன்று. கண்ணாடியின் ஓரமாக மழைநீர் உள்ளே இறங்கத்தான் செய்யும், அடியிலுள்ள துளைகள் வழியே அது வடிந்துவிடவேண்டும். அந்த வாரம் இரவு மழை பெய்தது. காலையில் கதவைத் திறந்தால் இளநீர்க்காய்போலக் குலுங்கிற்று. மறுபடி கிளிப்புகள், மறுபடி உடைவு.

ஸ்பீக்கர் வர இரண்டு வாரம் தாமதமாகிவிட்டது. அந்தத் தாமதம் இல்லாவிட்டால் இங்கே சொல்வதற்குப் பாதி விஷயம் இருந்திருக்காது; கதவையும் ஸ்பீக்கரையும் ஒரே நாளில் மாற்றுபவர் எது எதைச் செய்தது என்பதை ஒருநாளும் அறியமாட்டார். கதவு வேலைக்கு முன்பே அவள் ஒரு சோதனை செய்து வைத்திருந்தாள். வெளிவட்டச் சாலையை ஒட்டிய பக்கச் சாலையில் குறிப்பிட்ட ஒரு தொலைவு, மணிக்கு 50 கிலோமீட்டர், கண்ணாடிகள் மூடி, ஒலியளவு 18. அம்மாவின் இருபத்தொரு சொற்களும் புதிதாக வரிசை கலைத்து, இடையில் எழுத நேரம் விட்டு ஒலிக்கும். தந்தை பக்கத்து இருக்கையில் அட்டை வைத்துக் கேட்டதை எழுதவேண்டும். ஓடும் வண்டியில் எழுதுவது அவருக்குப் புதிதல்ல. கையெழுத்து ஒரு கோடுகூட ஆடவில்லை.

முதல் தாளில் 21க்கு 6 சரி. ஒன்பது இடங்களில் ‘அடை’ என்றே எழுதியிருந்தார். ஏழு சொற்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எழுதினாலே 3 சரியாக வந்துவிடும் என்பதை எண்ணினால் 6 என்பது பெரிய எண் அன்று.

கதவுகளை முடித்துவிட்டு, பழைய ஸ்பீக்கர்களை, கிழிந்த வளையத்தில் துணியும் பசையும் வைத்து ஒட்டி, மறுபடி அதே இடத்தில் மாட்டி, அதே சாலையில் போனார்கள். 11 சரி.

புது ஸ்பீக்கரில் ஒரு பைசா வேலை இன்னும் நடக்கவில்லை. சாலையின் இரைச்சல் சற்று அடங்கியிருந்தது, டோர் பேடின் கடகடப்பு போயிருந்தது, அவ்வளவே. குஜராத்தி கல்லிப் பெரியவர் பக்கம் ஐந்து மதிப்பெண். ஆனால் அவள் ஆய்வாளர். அந்த ஐந்தையும் அப்படியே விழுங்க அவளால் முடியவில்லை. பங்கேற்பாளர் ஒருவரே. முதல் சோதனைக்குப் பிறகு அவர் சொற்பட்டியலை ஊகித்திருக்கலாம். இரண்டாம் முறை ‘அடை’ வெகுவாகக் குறைந்ததே அதற்குச் சான்று. ஒட்டுப்போட்டதால் ரீங்காரம் நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம். அன்று சாலையில் லாரிகள் குறைவாக இருந்திருக்கலாம். மாணவர் ஒருவர் இந்தத் தரவைக் கொண்டுவந்திருந்தால் நெறியாளர் தேநீர்கூட வாங்கித் தராமல் திருப்பி அனுப்பியிருப்பார். தாம் காசு கொடுத்து வாங்கிய கம்பி பழைய கம்பியைவிட இனிமையாகப் பாடுகிறது என்று சத்தியம் செய்வோர் நிறைந்த இத்துறையில், இவ்வளவு ஐயமாவது ஒருவருக்கு இருக்கவேண்டும்.

புதிய ஸ்பீக்கர்கள் வந்தன: கதவுக்கு ஆறரை அங்குலம், மேலே தனியாகப் பொருத்த இரண்டு ட்வீட்டர்கள். புதியதன் காந்தம் பழையதைவிடத் தடித்தது. கண்ணாடியை முழுதாக இறக்கிப் பார்க்காமல் திருகை முடுக்கினால், சுங்கச்சாவடியில் கண்ணாடியை இறக்கும்போதுதான் அது காந்தத்தில் இடிப்பது தெரியும். இடைவெளிக்கு ஒரு வளையம் வேண்டும். எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் ஊறிப் பொருமிவிடும் என்பதால், காய் நறுக்கும் தடித்த நெகிழிப் பலகை ஒன்றை வாங்கி, அதிலிருந்து இரண்டு வளையங்கள் அறுத்தாள். தண்ணீருக்கு அஞ்சாத, மலிவான, எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும் பொருள் அது. பழைய கம்பியை வெட்டாமல் கப்ளர் வழியாகவே இணைத்தாள். கம்பியை வெட்டுபவன் அடுத்து வருபவனுக்குத் துரோகம் செய்கிறான் என்பது அந்தச் சந்தின் நீதி.

மாட்டி, இயக்கி, கேட்டாள். பழையதைவிட மோசமாக இருந்தது. தாழ்ந்த ஒலிகளே இல்லை; மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போயிருந்தது. இரண்டு நாள் ஸ்பீக்கரைச் செய்தவரை வைதாள். திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூடத் தேடினாள். மூன்றாம் நாள் சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியை எடுத்து, கப்ளரின் ஸ்டீரியோப் பக்கத்து முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தாள். இடப்புறக் கூம்பு வெளியே வந்தது. வலப்புறக் கூம்பு உள்ளே போனது. ஒரு பக்கம் கூட்டல் கழித்தல் மாறியிருந்தது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் வண்டிக்குள் தாழ்ந்த ஒலி எஞ்சாது. கப்ளரைப் பொருத்தியவள் அவளேதான்.

ட்வீட்டர் பற்றி ஒரு வார்த்தை. கதவின் அடியிலுள்ள ஸ்பீக்கர் நம் காதை நோக்கிப் பாடுவதில்லை; கணுக்காலை நோக்கிப் பாடுகிறது. தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் பரவும், உயர்ந்தது நேர்கோட்டில் போய்க் கால்சட்டைத் துணியிலும் தரைவிரிப்பிலும் மடிந்துவிடும். அதனால் பக்கக் கண்ணாடிக்குப் பின்னுள்ள முக்கோண நெகிழிமூடியில் ட்வீட்டரைப் பொருத்துகிறார்கள். தாழ்ந்த ஒலி அதன் மெல்லிய சுருளைச் சுட்டுவிடாமல் தடுக்க ஒரு கெபாசிட்டர்: 4 ஓமுக்கு 10 மைக்ரோஃபாரட் போட்டால் ஏறத்தாழ 4000 ஹெர்ட்ஸில் கதவு திறக்கும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டு முடித்தபோதுதான் அவளுக்கு அந்த ஆடியோகிராம் நினைவுக்கு வந்தது. ட்வீட்டர் தொடங்கும் இடத்தில் அப்பாவின் செவி முடிந்துவிடுகிறது.

ஆனாலும் பொருத்தினாள். அவளுக்கே அம்மாவின் குரல் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. பன்னிரண்டாண்டாகத் திரையில் அலைவடிவமாகப் பார்த்துப் பழகிய பதிவு. ‘சடை’க்கு முன் அம்மா இழுக்கும் மூச்சும், பக்கம் திருப்பும் தாளின் சரசரப்பும் முன்கண்ணாடிக்கு மேலே எங்கோ நின்றன. தனியாக, வண்டியை நிறுத்திய இடத்திலேயே, இரண்டு முறை கேட்டாள். அந்தச் செலவு தனக்காகவே செய்தது என்று அப்போது ஒப்புக்கொண்டிருந்தால் கணக்கு நேராகியிருக்கும்.

மூன்றாம் சோதனை. அதே சாலை, அதே வேகம். 13 சரி. கதவுக்கு ஐந்து, ஸ்பீக்கருக்கும் ட்வீட்டருக்கும் சேர்த்து இரண்டு. அந்த இரண்டும் பழக்கத்தால் வந்ததாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் தந்தை மூன்று தாள்களையும் சரியான விடைப்பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மதியம் அவள் நான்காம் இயலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தரையில் உட்கார்ந்து ஒரு தாளில் ஏழுக்கு ஏழு கட்டம் போட்டு, ஓரத்தில் ஏழு சொற்களையும் எழுதி, ‘அடை’க்காக எட்டாவதாக ஒரு பத்தியும் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். எந்தச் சொல் எந்தச் சொல்லாகக் கேட்டது என்ற கணக்கு. எந்த ஊர்த் தபால் எந்த ஊருக்குத் தவறிப் போயிற்று என்று பிரிப்பு அறையில் எழுதிப் பழகிய அதே கணக்கு. மில்லரும் நைஸ்லியும் 1955இல் ஆங்கில மெய்களை வைத்து வெளியிட்டதும், அதன்பின் வந்த ஒவ்வொரு பேச்சொலி ஆய்வாளரும் ஒருமுறையாவது வரைந்ததும் இதே அட்டவணையைத்தான். அவளுடைய நான்காம் இயலில் இதுபோல ஆறு இருக்கின்றன.

“மடை, நடை ரெண்டும் மாறி மாறிப் போகுது. அது பரவாயில்ல, பக்கத்துப் பக்கத்து ஊரு” என்றார். “சடையப் பாரு. மூணு தாளுலயும் ஒண்ணுகூட வந்து சேரல.”

அவள் பேசவில்லை. ‘ச’வின் உரசல் பெரும்பாலும் 4000த்துக்கு மேலே இருக்கிறது.

“வண்டியில இதுக்கு மேல பண்றதுக்கு ஏதாவது இருக்கா?”

“இல்லப்பா.”

தாளை மடித்தார். “அப்ப பழுது வண்டியில இல்ல” என்றார். சற்றுப் பொறுத்து, “திருச்சியில எடுத்தாங்களே, அந்தப் படம், அது இருக்கா? புதுசா எடுக்கணும்பாங்களா?” என்று கேட்டார்.

புதிதாகத்தான் எடுக்கவேண்டும் என்றாள். திங்கட்கிழமை பத்தரை மணிக்கு நேரம் கிடைத்தது. வண்டியில் ஏறியதும் அவர் அந்த நான்கு தாள்களையும் ஆர்.சி. உறைக்குள் பத்திரப்படுத்தினார். டாக்டர் நம்பமாட்டார், காட்டவேண்டும் என்றார். பின்கதவுகள் இரண்டும் இன்னும் பழையபடியே இருக்கின்றன. அரைச் சுருள் பியூட்டைலும் முட்டை அட்டையில் ஒன்பது கிளிப்புகளும் மீதம்.